இஞ்சுக்கு எத்தனை ஊசி?

மங்கலத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அம்மா இருபது வருடம் செக்கிங்கில் இருந்தார். ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணால் என் செயலியைப் படிக்க முடியவில்லை.

பணம் அனுப்பும் செயலி அது. அதன் திரைகளை எழுதியவர்களில் நானும் ஒருவன். சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, பக்கத்து வீட்டுப் பையனிடம் போனைக் கொடுத்து, பின் நம்பரையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நம்பரை எதுக்கும்மா குடுத்தீங்க?"

"எழுத்து எறும்பாட்டம் இருக்குது கண்ணு. ஒரு சைபரு கூடப் போயிருச்சுன்னா யாரு திருப்பிக் குடுப்பா?"

போனில் எழுத்தளவைப் பெரிதாக்கித்தான் வைத்திருந்தார். மற்ற செயலிகளில் எழுத்து பெருத்திருந்தது. எங்களுடையதில் மட்டும் அசையவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

2010இல் வந்த ஐபோன் 4இன் திரையில் இஞ்சுக்கு 326 பிக்சல்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. நிட்டிங் மிஷின் 24 கேஜ் என்றால் இஞ்சுக்கு 24 ஊசி. ஊசி கூடினால் துணி நைசாகும், பனியன் பெரிதாகாது. திரையும் அப்படித்தான். பிக்சல் கூடினால் எழுத்து கூர்மையாகும், பெரிதாகாது. பிக்சலை எண்ணி வரைந்தால் சிறுத்தே போகும். அதனால்தான் ஆண்ட்ராய்டில் டிபி என்றொரு அளவு: 160 பிக்சல் திரையில் ஒரு டிபிக்கு ஒரு பிக்சல், 320இல் இரண்டு. எழுத்துக்கென்றே எஸ்பி என்று இன்னொன்று உண்டு. அது, போன் வைத்திருப்பவர் கேட்ட எழுத்தளவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14இல் 200 சதவீதம் வரை கேட்கலாம்.

எழுத்துக்கும் டிபியையே போட்டவன் நான்தான். எஸ்பி போட்டால் பொத்தான்கள் கலைகின்றன என்று டெஸ்டிங்கில் சொன்னார்கள். ரிலீஸ் நெருங்கியிருந்தது. கலையாத திரை வேண்டுமென்று, படிக்க முடியாத திரையைக் கொடுத்துவிட்டேன்.

திரும்பி வந்து எஸ்பிக்கு மாற்றினேன். 'பணம் அனுப்பு' என்பதில் மேலே புள்ளியும் கீழே உகரமும் வெட்டுப்பட்டன. ஆங்கிலத்தை மனதில் வைத்துப் பொத்தானின் உயரத்தை நான் பூட்டியிருந்தேன். பூட்டை எடுத்து, எழுத்து கேட்கும் உயரத்துக்கு வளரவிட்டேன். தேவைப்பட்டால் இரண்டு வரி. மொத்தம் இரண்டு நாள் வேலை.

அடுத்த முறை போனபோது அம்மாவே எனக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தார். பின் நம்பரையும் மாற்றிவிட்டாராம்.

"என்ன நம்பரும்மா?"

"அது உனக்கெதுக்குக் கண்ணு?"