மைலேஜ் நோட்டில் நான் எழுதிய பொய்

பெட்ரோல் பங்க்கில் "ஸ்பெஷலா, சாதாவா சார்?" என்று கேட்டால் "சாதா" என்று பதில் சொல்ல எனக்கு மூன்று வருஷம் பிடித்தது. அந்த மூன்றில் முதல் ஒன்றரை வருஷம் நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆக்டேன் எண் என்றால் என்ன என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிக் காட்டி, அதையே பரீட்சையில் கேள்வியாகவும் கேட்டு, ஒழுங்காக எழுதாதவனுக்கு மார்க்கைக் குறைத்தவன் நான். அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

ஆரம்பித்தது மேட்டுப்பாளையத்தில், 2022 மே மாதம். சகலை குடும்பமும் நாங்களுமாக இரண்டு காரில் ஊட்டிக்குக் கிளம்பியிருந்தோம். சகலை அப்போதுதான் டர்போ இன்ஜின் வைத்த வெளிநாட்டுக் கார் வாங்கியிருந்தார். மலை ஏறுவதற்குள் டேங்க்கை நிரப்பிக்கொள்ளலாம் என்று பங்க்கில் நுழைந்தோம். அவர் காரில் பெட்ரோல் மூடியின் உட்புறமே 95 என்று ஒட்டியிருந்தது. ஸ்பெஷல் போட்டார், நியாயம். அடுத்தது என் கார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன கார். அதன் கையேட்டில் 91 ஆக்டேன் போதும் என்று அச்சிட்டிருக்கிறது, அந்தப் பக்கத்தை நான் படித்தும் இருக்கிறேன். "உங்களுக்கு என்ன சார்?" என்றான் பையன். சகலை பில்லை மடித்துப் பையில் வைத்தபடி திரும்பிப் பார்த்தார். சும்மாதான் பார்த்தார். நான் "அதே போடுப்பா" என்றேன். "ஜீரோ பாத்துக்கங்க சார்" என்றான் அவன். ஜீரோவைப் பார்க்கவில்லை. சகலை முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் நான் சொல்லிவந்தது இதுதான். ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் பொறுமைக்கு வைத்த அளவு. பிஸ்டன் மேலே வந்து பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை அழுத்துகிறது, பிளக் பொறி வைக்கிறது, தீ ஒரு பக்கத்திலிருந்து பரவிக்கொண்டு போகிறது. தீ போய்ச் சேருவதற்குள் அந்தக் கோடியில் இருக்கும் மிச்சக் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் பொறுக்க முடியாமல் தானாகவே குபீரென்று பற்றிக்கொண்டால் அதுதான் நாக்கிங். ஏற்றத்தில் மேல் கியரில் மிதித்தால் சுத்தியலால் தட்டுகிற மாதிரிச் சத்தம் வருமே, "இன்ஜின் தட்டுது" என்பார்களே மெக்கானிக்குகள், அது. இதை அளக்க 1920களில் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் ஒரு அளவுகோல் கொடுத்தார். எளிதில் தட்டாத ஐசோ ஆக்டேனுக்கு 100. தொட்டதற்கெல்லாம் தட்டும் நார்மல் ஹெப்டேனுக்கு 0. நம் பெட்ரோல் 91 என்றால், 91 பங்கு முன்னதும் 9 பங்கு பின்னதும் கலந்தால் சோதனை இன்ஜினில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடந்துகொள்கிறது என்று பொருள். ஒரு லிட்டருக்குள் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதைப் பற்றி அந்த எண் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. 91இலும் 95இலும் சக்தி கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆக, இன்ஜினின் அழுத்தம் 91க்கு அடங்குகிற அளவில் இருந்தால் 95 ஊற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. யாரும் சீண்டாத இடத்தில் பொறுமை எவ்வளவு இருந்தால் என்ன?

பையன்கள் தூங்கி வழியும் மதிய வகுப்பில் நான் எடுத்துவிட்ட கதை ஒன்று உண்டு. 1940இல் பிரிட்டன் வான்போர். ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களில் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின். 87 ஆக்டேனிலிருந்து 100 ஆக்டேனுக்கு மாறியதும் ஆயிரத்துச் சொச்சமாக இருந்த குதிரைத்திறன் ஆயிரத்து முந்நூறைத் தொட்டது என்று மேஜையைத் தட்டிச் சொல்வேன். தூங்குகிறவனும் எழுந்துவிடுவான். பிறகு நிதானமாக மீதியைச் சொல்வேன். பெட்ரோலை மாற்றினதால் மட்டும் திறன் கூடவில்லை. அந்தப் பெட்ரோல் தாங்கும் என்ற தைரியத்தில் சூப்பர்சார்ஜரின் அழுத்தத்தை 6 பவுண்டிலிருந்து 12 பவுண்டுக்கு ஏற்றினார்கள், அதனால் கூடியது. அழுத்தத்தை ஏற்றாமல் 100 ஊற்றியிருந்தால் மெர்லின் பழைய மெர்லினாகவே இருந்திருக்கும். மேட்டுப்பாளையத்தில் எனக்கு ஞாபகம் வந்தது கதையின் முதல் பாதி மட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. மலை மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத என் கார் மாதிரி இன்ஜினுக்குள் அப்போது போகும் காற்றும் குறைவு, அழுத்தமும் குறைவு. நாக்கிங் வரும் வாய்ப்பும் குறைகிறது. அமெரிக்காவில் கொலராடோ போன்ற மலை மாநிலங்களில் மற்ற இடங்களைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலைச் சாதாவாக விற்பது இந்தக் கணக்கில்தான். இரண்டாயிரத்து இருநூறு மீட்டர் உயரத்து ஊட்டிக்கு ஏறப்போகிறோம் என்பதற்காகவே ஆக்டேனைக் கூட்டி ஊற்றிய ஆட்டோமொபைல் வாத்தியார் கோயம்புத்தூர் ஜில்லாவில் என்னைத் தவிர இன்னொருவர் இருந்திருக்க முடியாது.

ஒரு தடவையோடு விட்டிருந்தால் வீட்டுச் செலவில் கரைந்து போயிருக்கும். ஆனால் குன்னூர் ஏற்றத்தில் கார் "நன்றாக இழுக்கிறது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். சொன்னபின் மறுபடி சாதா போடுவது எப்படி? அடுத்த முறையும் ஸ்பெஷல். அதற்கடுத்த முறையும். வீட்டில் கணக்கு எழுதுகிறவள் அவள். மாதக் கடைசியில் "பெட்ரோலுக்கு என்னங்க இவ்வளவு?" என்றாள். "மைலேஜ் கூடுது, அதுல சரியாப் போயிரும்." "எவ்வளவு கூடுது?" பள்ளிக்கூட வாத்தியார் மகள், விடமாட்டாள். "எழுதி வச்சுக் காட்டறேன்" என்றேன். பச்சை அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்று காருக்குள் வந்தது அப்படித்தான்.

லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியிருந்த நேரம். ஸ்பெஷலுக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதல். நூற்றுக்கு ஏழு கூடக் கொடுத்தால் மைலேஜும் நூற்றுக்கு ஏழாவது கூடினால்தான் கணக்கு நேராகும். என் கார் பதினெட்டு கொடுக்கிறது என்றால் பத்தொன்பதே கால் கொடுத்தாக வேண்டும். முதல் டேங்க் 17.8. அடுத்தது 17.6. மூன்றாவது 18.9! சேலம் வரை பைபாஸில் எண்பதைத் தாண்டாமல், அதிகாலையில், ஏசி போடாமல் போய் வந்த டேங்க் அது. சாதா போட்டிருந்தாலும் அதேதான் வந்திருக்கும். இதில் நுட்பமான ஒரு விஷயமும் உண்டு. விலை கூடின பெட்ரோல் உள்ளே இருக்கிறது என்ற நினைப்பு வந்துவிட்டால் வலது கால் தானாக அடங்கிவிடுகிறது. சிக்னலில் சீறுவதில்லை. டயரில் காற்று பார்க்கிறோம். அப்படிச் சேர்ந்த அரை கிலோமீட்டரை பெட்ரோலின் கணக்கில் வரவு வைக்கிறோம். போதாததற்கு பங்க் துப்பாக்கி "டக்" என்று நிற்கும் இடம் ஒவ்வொரு தடவையும் ஒன்றாக இருப்பதில்லை. அரை லிட்டர் முன்னே பின்னே ஆகும். இரண்டு மூன்று டேங்க்கை வைத்து மைலேஜ் கூடியது, குறைந்தது என்று பேசுவதே அபத்தம் என்று என் மாணவன் எழுதியிருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன்.

நான்காவது டேங்க்: 512 கிலோமீட்டர், 28.6 லிட்டர். வகுத்தால் 17.9. பங்க்கை விட்டு வெளியே வந்து ஓரமாக நிறுத்தி நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். 512இல் நடுவில் இருக்கும் 1க்குத் தலையில் ஒரு சின்னக் கோடு போட்டால் 7. 572 ஆகிறது. வகுத்தால் சரியாக 20. கோட்டைப் போட்டேன். பேனா அதே பேனா, மை அதே மை. அதற்குப் பின் கோடு போடும் வேலையே இல்லை. முதலிலேயே கூட்டி எழுதிவிட்டேன்.

மனைவி நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். "பரவாயில்லையே" என்றாள். அதோடு சரி.

ஸ்பெஷல் பெட்ரோலே ஏமாற்று என்று நான் சொல்ல வருவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சகலையின் டர்போ இன்ஜினுக்கு அது வேண்டும். அதில் 91 ஊற்றினால் பிளாக்கில் பதித்திருக்கும் நாக் சென்சார் தட்டலைக் கேட்டுவிட்டு, பொறி விழும் நேரத்தைத் தள்ளிப்போடச் சொல்லும். இன்ஜின் பிழைக்கும், இழுவையும் மைலேஜும் குறையும். கையேட்டில் 95 என்று போட்டிருக்கிறவர்கள் அதைப் போடுவதுதான் சிக்கனம். ஸ்பெஷலில் சேர்க்கும் சுத்தம் செய்கிற மருந்து வேறு சமாச்சாரம், அதை ஆக்டேனோடு சேர்த்துக் குழப்பக்கூடாது. ஆக்டேன் வேறு சக்தி வேறு என்பதற்கு இப்போது பங்க்கிலேயே சாட்சி ஓடுகிறது: 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஆக்டேனை ஏற்றுகிறது. ஆனால் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதற்கென்று வடிவமைக்காத கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே சொல்கிறது. ஆக்டேன் ஏறி மைலேஜ் இறங்குகிறது.

2016இல் அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம், சாதாவுக்கென்றே செய்த கார்களில் பிரீமியம் ஊற்றிச் சோதித்து, திறனிலும் மைலேஜிலும் சொல்லும்படியான லாபம் இல்லை என்று அறிவித்தது. தேவையில்லாமல் ஊற்றியே அந்நாட்டு மக்கள் ஒரு வருஷத்தில் 210 கோடி டாலருக்கு மேல் விட்டார்களாம். படித்தபோது எனக்கு உறைக்கவில்லை. இவ்வளவு பேர் கூட்டாளிகள் இருக்கிறார்களே என்று ஒரு சில்லறை ஆறுதல்தான் வந்தது.

இது வரைக்கும் என் காசு, என் வீம்பு. இனிமேல் சொல்லப்போவதுதான் சொல்லக் கூசுவது.

என்னிடம் படித்த பையன் ஒருவன் கால் டாக்ஸி ஓட்டுகிறான். சொந்தக் கார், பெட்ரோல் வண்டி, மாதத் தவணை பாக்கி. ஒருநாள் என்னை ரயில்வே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகும்போது, "சார், ஸ்பெஷல் போட்டா மைலேஜ் கூடுமுங்களா?" என்றான். பாடம் நடத்திய வாத்தியாரிடம் கேட்கிறான். எட்டு வார்த்தையில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "என் காருக்கு ரெண்டு கிலோமீட்டர் கூடுது. நோட்டுல எழுதி வச்சிருக்கேன், வேணும்னா வந்து பாரு" என்றேன். அவன் நாளைக்கு இருநூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவன். லிட்டருக்கு ஏழு ரூபாய் என்றால் மாதம் இரண்டாயிரம் ரூபாய் ஆகும் என்று அன்று இரவு படுக்கையில் கணக்குப் போட்டேன். போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து அவனே போன் செய்தான். "நல்லா வித்தியாசம் தெரியுதுங்க சார்." எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நானே இட்டுக்கட்டிய பொய்க்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டான்! சலூனில், அபார்ட்மென்ட் மொட்டைமாடியில், சகலை வீட்டு விசேஷத்தில், எங்கு பேச்சு வந்தாலும், "நான் சொல்றத விடுங்க, டாக்ஸி ஓட்டற பையனே சொல்றான்" என்பேன். சில நாள் நானே நம்பினேன்.

போன மாதம் அவிநாசி ரோட்டில் ஒரு பங்க்கில் அவனைப் பார்த்தேன். சாதா போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, ஸ்பெஷல் போடலயா?"

அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எப்பவும் இதுதானுங்க சார்." கொஞ்ச நேரம் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். "நீங்க சொன்னதும் மூணு டேங்க் போட்டுப் பாத்தனுங்க. ட்ரிப் ஷீட்டு இருக்குதுங்களா, கிலோமீட்டர் தப்பாதுங்க. ஒண்ணும் கூடல. சார் சொன்னது சரியில்லைன்னு சொல்ல வாய் வரலீங்க, அதான் கூடுதுன்னு சொல்லிப்போட்டேன்." பிறகு என்னைக் காப்பாற்ற அவனே ஒரு வழியும் கண்டுபிடித்துக் கொடுத்தான். "உங்க காருக்குக் கூடியிருக்குமுங்க சார். ஓட்டற விதம் இருக்குதில்லீங்களா?"

"ஆமாமா, ஓட்டற விதம்தான்" என்றேன் நான். அப்போதும்.

அடுத்த ஆள் என் காருக்குப் பின்னால் ஹாரன் அடித்தார். பங்க் பையன் வந்து "ஸ்பெஷலா சார்?" என்றான். என் பழைய மாணவன் இன்னும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "சாதா" என்றேன், அவனுக்குக் கேட்கிற மாதிரி. அவன் மரியாதைக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மனைவியிடம் நேற்று சொல்லிவிட்டேன். அவள் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வருஷத்துக் கணக்கை எடுத்து ஓரத்தில் கூட்டல் போட ஆரம்பித்தாள். வியாழக்கிழமை எனக்குச் சென்னைக்கு விமானம். பீளமேடு விமான நிலையத்துக்கு அந்த டாக்ஸிப் பையன் காரில்தான் போகிறேன்; எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம் ஆகும். நோட்டைப் பெட்டியின் மேலேயே எடுத்து வைத்திருக்கிறேன்.