எந்த முனைக்கு எவ்வளவு கம்பி? ஸ்கெலட்டன் குறிப்புகள்

கோலார் தங்கவயல் கார்களுக்கு மூன்று விதமான சாலை. எங்கள் ஸ்கெலட்டன் பகுதியிலிருந்து ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று ஊருக்குள் ஓடும் குண்டும் குழியும் ஒன்று. பேத்தமங்கலம் பக்கமாகப் போகும் புதிய பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை இன்னொன்று. மூன்றாவது, பேத்தமங்கலம் ஏரியைத் தாண்டி, வி.கோட்டா வழியாகப் பேரணாம்பட்டுக்கு இறங்கும் பத்தலபல்லி மலைப்பாதை. வேலூர் ஆஸ்பத்திரிக்கும் குடியாத்தம், ஆம்பூர் பக்கத்துச் சொந்தங்களின் நல்லது கெட்டதுக்கும் நம் ஜனங்கள் போய்வருகிற வழி அது. "வண்டி வளைவுல சாயுது, ஸ்டெபிலைசர் மாத்தலாமா?" என்று யாராவது கேட்டால் நான் முதலில் கேட்பது, இந்த மூன்றில் எந்தச் சாலையில் சாய்கிறது என்பதைத்தான். பதிலைப் பொறுத்து யோசனை அடியோடு மாறும்.

*

ஸ்வே பார், ஆன்டி ரோல் பார், பட்டறையில் ஸ்டெபிலைசர்: எல்லாம் ஒரே கம்பிதான். அகலமான 'ப' வடிவம். நடுப்பகுதியை இரண்டு டி-புஷ் பாடியோடு பிடித்திருக்கும். இரு நுனிகளும் லிங்க் ராடு வழியாக இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனோடு சேரும். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். ஒன்று ஏறி மற்றது இறங்கினால்தான் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். அம்பாசடர் வைத்திருந்த வீட்டாருக்கு இது புதிதில்லை. அதன் முன்பக்க ஸ்பிரிங்கே முறுக்குக் கம்பிதான். அங்கே அது வண்டியின் எடையைத் தாங்கியது, இங்கே சாய்வை மட்டும் தடுக்கிறது. இப்படி ஒரு கம்பிக்கு 1919-லேயே கனடாக்காரர் ஒருவருக்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள்.

*

கடைக்காரர் "ரெண்டே எம்எம்தான் சார் ஜாஸ்தி" என்பார். அந்த இரண்டு எம்எம் சின்ன விஷயமில்லை. கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20 எம்எம் கம்பியை எடுத்துவிட்டு 22 போட்டால் விறைப்பு 46 சதவீதம் கூடும். 24 போட்டால் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். வெறும் 1 எம்எம் கூட்டி 21 போட்டாலே 21 சதவீதத்துக்கு மேல்.

விட்டம் மட்டும் கணக்கில்லை. நுனிக் கையின் நீளமும் உண்டு. அதே கம்பியில் கையை 250 எம்எம்மிலிருந்து 225-ஆகக் குறைத்தால் சக்கரத்தில் தெரியும் விறைப்பு ஏறக்குறைய 23 சதவீதம் ஏறும். நுனியில் இரண்டு மூன்று துளை போட்ட கம்பிகள் வருவது இதற்காகத்தான். உள்துளையில் லிங்க்கை மாட்டினால் கெட்டி, வெளித்துளையில் மாட்டினால் இளக்கம். என் ஓட்டைக் கேட்டால் தடிமனான ஒற்றைத்துளைக் கம்பியைவிட, சற்று மெலிந்த, துளை மாற்றக்கூடிய கம்பிக்கே போடுவேன்.

குழாய்க் கம்பியைக் கண்டு பயப்பட வேண்டாம். வெளி விட்டம் 24, உள் விட்டம் 16 என்றால் எடை 44 சதவீதம் குறைகிறது, விறைப்பு 20 சதவீதம்தான் குறைகிறது. முறுக்கைத் தாங்குவதில் நடுக்கம்பிக்குப் பங்கு குறைவு; வெளித்தோல்தான் உழைக்கிறது.

*

இந்த விஷயத்தில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. கம்பி ரோட்டுப் பிடிப்பை உண்டாக்காது. வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு எவ்வளவு எடை மாறும் என்பதைத் தீர்மானிப்பவை வண்டியின் உயரம், அகலம், வேகம், வளைவின் கூர்மை. கம்பியால் அந்த மொத்தத்தைப் பெரிதாக மாற்ற முடியாது. அதில் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று பங்கு பிரிப்பதே கம்பியின் வேலை.

டயருக்கு ஒரு குணம்: மேலே அழுத்தும் எடை இரட்டிப்பானால் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். ஆகவே ஒரு ஜோடிச் சக்கரத்தில் வெளிப்பக்கத்துக்கு எவ்வளவு எடை குவிகிறதோ, அந்த ஜோடியின் மொத்தப் பிடிப்பு அவ்வளவு குறையும். எந்த முனையில் கம்பியைத் தடிமனாக்குகிறோமோ அந்த முனையின் பிடிப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம். முன்பக்கம் தடிமனானால் வண்டி திரும்ப அடம்பிடித்து நேராகப் போகப் பார்க்கும். பின்பக்கம் தடிமனானால் மூக்கு சட்டென்று உள்ளே திரும்பும், வால் லேசாகும்.

*

நம்மிடம் ஓடுவதில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை வண்டிகள். முன்பக்கம் கனம், பின்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் டார்ஷன் பீம். அந்த பீமே முறுக்கிக்கொண்டு கொஞ்சம் ஸ்டெபிலைசர் வேலை பார்க்கும். கம்பெனிக்காரன் வேண்டுமென்றேதான் இவற்றைத் திரும்ப அடம்பிடிக்கும்படி செய்து அனுப்புகிறான். அவசரத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும் சாதாரண ஓட்டுநருக்கு அதுதான் பாதுகாப்பு.

இப்படிப்பட்ட வண்டியில் முன்பக்கக் கம்பியைத் தடிமனாக்கினால் சாய்வு குறையும், ஆனால் திரும்ப மறுப்பது கூடும். கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது உள்பக்க முன்சக்கரம் எடையிழந்து வீணாகச் சுற்றும். மலையேற்றத்தில் அதைவிடத் தொல்லை வேறில்லை. அதனால்தான் இந்த வண்டிகளில் பழகியவர்கள் முதலில் பின்பக்கத்தைத் தொடுகிறார்கள். பீமின் இரு கைகளையும் இணைத்து போல்ட் போடும் பின் கம்பிகளை மலேசியாவின் அல்ட்ரா ரேசிங், ஆஸ்திரேலியாவின் ஒயிட்லைன் போன்றவர்கள் செய்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையை இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். பத்தலபல்லி இறக்கம், புதுமழை, பின்சீட்டில் பெரியவர்கள், டிக்கி நிறைய மூட்டை. வளைவுக்குள் போனபின் பயந்து காலை எடுத்தால் எடை முன்னே பாயும், பின்சக்கரம் லேசாகும். பின் கம்பி அளவுக்கு மீறித் தடித்திருந்தால் வால் வெளியே போகும். பந்தயக்காரர்கள் மழை வந்தால் கம்பியை இளக்கமான துளைக்கு மாற்றுகிறார்கள், சிலர் கழற்றியே வைக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டைப் பந்தய ஓடுதளத்தில் வழுக்கிய வண்டி விழ மண்பரப்பு உண்டு. மலைப்பாதையில் தடுப்புச் சுவர்தான் உண்டு, அதற்கப்பால் பள்ளம்.

*

குழிச்சாலைக்குக் கம்பியால் நன்மை இல்லை, கெடுதல் உண்டு. ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழும்போது கம்பி அந்த அடியை மறுசக்கரத்துக்கும் கொண்டு போகிறது. தடிமன் கூடக்கூட வண்டி இடம்-வலமாகத் தலையாட்டும். கழுத்துவலிக்காரர்களுக்கு முதலில் தெரியும். கரடுமுரடில் ஓடவென்றே செய்த ஜீப் ரேங்ளர் ரூபிகானில் முன் ஸ்டெபிலைசரை ஒரு பொத்தானை அழுத்தித் துண்டிக்க வழி வைத்திருப்பது இதற்காகத்தான். ஊருக்குள்ளேயே பெரும்பாலும் ஓடும் வண்டிக்கு, கம்பெனி கொடுத்த கம்பியே போதும் என்று தயங்காமல் சொல்வேன்.

*

மாருதி 800 வைத்திருப்பவர்களுக்குத் தனிக் குறிப்பு. 1983 கடைசியில் வந்த அந்த வண்டியில் முன் ஸ்டெபிலைசருக்கு இரட்டை வேலை. கம்பியின் நுனி நேராகக் கன்ட்ரோல் ஆர்முக்குள் நுழைந்து, வாஷர், புஷ், நட், காட்டர் பின் என்று பூட்டப்பட்டிருக்கும். சாய்வைத் தடுப்பதோடு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் முன்பின் நகராமல் பிடிப்பதும் அதுவே. அங்கே அளவு தெரியாத கம்பியை மாட்டினால் சக்கரம் நிற்கும் இடமே மாறும், அலைன்மென்ட் போகும். பழைய 800-இல் புது புஷ் போடுங்கள், கம்பியைத் தொடாதீர்கள்.

*

தங்கவயலில் கைத்தொழில் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. சுரங்கப் பட்டறையிலும், 1964-இல் தொடங்கிய பெமல் நிறுவனத்திலும் இரும்போடு பழகிய கைகள். அதனாலேயே "எதுக்குண்ணா அத்தனை ஆயிரம்? ராடு வாங்கி வளைச்சு வெல்டு வெச்சுடலாம்" என்ற யோசனை எளிதாக எழுகிறது. அந்தக் கைகளின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இது வேண்டாம்.

காரணம் நுட்பமானது. சாதா எம்எஸ் ராடுக்கும் ஸ்பிரிங் ஸ்டீலுக்கும் முறுக்கு விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். மாட்டிய அன்று ஓட்டிப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் தாங்கும் எல்லையில். எம்எஸ் ராடு சீக்கிரமே முறுக்கிய நிலையில் நின்றுவிடும், பழைய நிலைக்குத் திரும்பாது. அப்போது வண்டி சமதளத்திலும் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். ஸ்பிரிங் ஸ்டீலை கேஸில் சூடுகாட்டி வளைத்தாலோ வெல்டு வைத்தாலோ அந்த இடத்தின் பதம் போய், உடைப்பு அங்கிருந்தே தொடங்கும்.

இரும்பின் களைப்பு கண்ணுக்குத் தெரியாது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே ஆட்களை இறக்கிய ஊர் இது. சுரங்கத்தில் கூண்டைத் தாங்கும் இரும்புக் கயிறு பார்வைக்கு நன்றாக இருந்தாலும், காலக்கெடு வைத்து நுனியை வெட்டிச் சோதிப்பது தொழில்முறை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடிவிட்டாலும், அந்தச் சோதனை ஒழுங்கை நாம் வண்டிக்கும் வைத்துக்கொள்ள வேண்டும்.

*

புதுக் கம்பிக்குப் பணம் எண்ணுமுன் பழைய டி-புஷ்ஷைக் கழற்றிப் பாருங்கள். காற்று மாதங்களில் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து பறக்கும் பொடி அரைத்த பாறைதானே. ரப்பருக்கும் கம்பிக்கும் நடுவே புகுந்தால் உப்புத்தாள் போலத் தேய்க்கும். கிளாம்பைக் கழற்றினால், புஷ் உட்கார்ந்திருந்த இடத்தில் பெயின்ட் போய்ப் பளபளவென்று ஒரு வளையம் தெரியும். விரல் நகத்தை அதன் ஓரத்தில் ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் கம்பியில் படி விழுந்திருக்கிறது, கம்பியையே மாற்ற வேண்டும். தடுக்காவிட்டால் புஷ் மட்டும் போதும்.

அடுத்து லிங்க் ராடு. வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்க, கையை உள்ளே விட்டு லிங்க்கைப் பிடித்து வேகமாக ஆட்டுங்கள். 'டக்' என்று கைக்குத் தட்டினால் பந்து மூட்டு தேய்ந்துவிட்டது. தேய்ந்த லிங்க், சாய்வின் முதல் கொஞ்ச தூரத்தை எதிர்க்காமல் விட்டுவிடும். "வண்டி சாயுது" என்று வருபவர்களில் பலருக்கு இந்த இரண்டும் சேர்ந்தாலே குறை தீரும். செலவும் புதுக் கம்பியின் விலையில் சின்னப் பங்குதான்.

*

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை: லிங்க் நட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வண்டி தரையில் நிற்கும்போது; லிஃப்டில் தொங்கும்போது இல்லை. சமதளத்தில் நிறுத்தினால் லிங்க் இழுபடாமல் தானாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் கம்பி சும்மா நிற்கும்போதே முறுக்கோடு இருக்கிறது, இடது வளைவுக்கு ஒரு குணம், வலது வளைவுக்கு ஒரு குணம் வரும். பாலியூரித்தேன் புஷ் என்றால் அதற்குரிய சிலிக்கான் கிரீஸ் தடவாமல் போட்டால் கிறீச்சிடும். தடிமனான கம்பி பிராக்கெட்டையும் அதிகம் இழுக்கும். துருப்பிடித்த சப்ஃபிரேமில் அது தகரத்தையே கிழித்துவிடும்.

*

சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகவே வலியுறுத்தியது. ஆர்.சி.யில் ஸ்டெபிலைசர் அளவு எழுதியிருப்பதில்லை. ஆனாலும் விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ்காரர் வண்டியடியைப் பார்ப்பார். மாற்றுமுன் எழுத்தில் தெரிவித்து, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.

*

என் வரிசை இது. முதலில் டயரும் காற்றழுத்தமும். பிறகு ஷாக் அப்சார்பர். பிறகு புஷ், லிங்க், அலைன்மென்ட். இவை எல்லாம் சரியாக இருந்தும், மலைப்பாதையில் வண்டி வளைவுக்கு வெளியே தள்ளிக்கொண்டே போகிறது, முன்டயர்களின் வெளி ஓரம் மட்டும் தேய்கிறது என்றால், அப்போது பின் கம்பி. அதிலும் அந்த வண்டிக்கு விற்கிற கம்பிகளில் மெலிந்ததை, இளக்கமான துளையில். ஒரு மழைக்காலம் முழுக்க, ஆளும் மூட்டையுமாக ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த துளை. விரைவுச்சாலைக்காக மட்டும் யாரும் கம்பி வாங்க வேண்டியதில்லை. அதன் வளைவுகள் அகலமானவை, அங்கே உயிரைக் காப்பது நல்ல டயரும் விழிப்பும்.

சாய்வே இல்லாத வண்டி நல்ல வண்டி என்று நினைக்க வேண்டாம். வேகம் கூடிப்போயிற்று என்று ஓட்டுபவருக்கு முதலில் சொல்வது அந்தச் சாய்வுதான். அதைக் கொஞ்சம் குறைக்கலாம், முழுக்க எடுத்துவிடக் கூடாது.