சீட்டை முதலில் எடுத்தவர்கள் தவணை கட்ட வேண்டாமா?

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் கொட்டித் தீர்த்த மழை 49 செ.மீ. அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம் வீதிகளுக்குள் புகுந்தது. தரைத்தளத்தில் இருந்தவர்கள் மொட்டை மாடிக்கு ஓடினார்கள். பஸ் போகும் சாலையில் படகு போனது.

அதற்கு முந்தைய நாள்தான் பாரிஸில் ஐ.நா. காலநிலை மாநாடு தொடங்கியிருந்தது. எந்த நாடு எவ்வளவு கரியமில வாயுவைக் குறைக்கும் என்பதுதான் அங்கே பேச்சு.

இரண்டையும் சட்டென்று முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. அந்த மழையை ஆராய்ந்த விஞ்ஞானிகளால், அதில் காலநிலை மாற்றத்தின் பங்கைத் தெளிவாகக் காண முடியவில்லை. ஏரிகளின் ஆக்கிரமிப்பும் செம்பரம்பாக்கம் நீர்த்திறப்பும் நம் வீட்டுக் கணக்கு. அதை மறைக்க முடியாது.

ஆனால், இனி வரும் மழையின் கணக்கு வேறு. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால், சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். பெய்யும்போது மொத்தமாகப் பெய்யும். வேளச்சேரிக்காரர்கள் புயல் எச்சரிக்கை வந்தாலே காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துகிறார்கள். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறவர்களும் உண்டு. எல்லாம் சொந்தக் காசில்!

அம்மா கேட்ட கேள்வி

முடிச்சூரில் தெருக்காரர்களுக்குச் சீட்டு பிடிக்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். 2015-ல் ஃப்ரிட்ஜ், கட்டில், பீரோவில் இருந்த பட்டுப் புடவைகள் எல்லாம் போயின. 2023 மிக்ஜாம் புயலில் மறுபடியும் வாசல்படி தாண்டித் தண்ணீர். இப்போது அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் இரண்டடி சிமென்ட் மேடையில் நிற்கிறது.

கல்லூரியில் படிக்கும் மகள் பரீட்சைக்காக இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: "யாரு அதிகமா புகை விட்டாங்களோ, அவங்கதானே முதல்ல குறைக்கணும்?"

"அதைத்தாம்மா 1992-லேயே எழுதி வச்சிருக்காங்க."

"அப்புறம் என்னடி? சீட்டை முதல்ல எடுத்தவங்க தவணை கட்டாம நின்னா, கடைசியில எடுக்கிறவங்க தலையிலதானே விழும்?"

மொத்த விவகாரமும் இதுதான்.

தவணை தவறிய கதை

தொழிற்புரட்சி தொடங்கியது முதல் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை எரித்து உலகம் வெளியிட்ட கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்காவுடையது. இந்தியாவின் பங்கு 4 சதவீதத்துக்கும் குறைவு. இன்றைய ஆண்டுக் கணக்கில் இந்தியா உலகில் மூன்றாம் இடத்தில் இருப்பது உண்மை. ஆனால் தலைக்கு என்று பார்த்தால் அமெரிக்கர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன். இந்தியருக்குச் சுமார் 2 டன்.

அதனால்தான் 1997-ல் ஜப்பானின் கியோட்டோ நகரில் வளர்ந்த நாடுகளுக்கு மட்டும் கட்டாய இலக்கு வைத்தார்கள். 1990-ல் இருந்ததைவிடச் சராசரியாக 5 சதவீதம், 2008 - 2012 காலத்துக்குள் குறைக்க வேண்டும். அமெரிக்கா கையெழுத்துப் போட்டது; நாடாளுமன்ற ஒப்புதல் மட்டும் தரவே இல்லை. கனடா 2011-ல் விலகுவதாக அறிவித்தது.

அடுத்த தவணை 2012-ல் தோஹாவில் முடிவானது: 2013 முதல் 2020 வரை 18 சதவீதக் குறைப்பு. ஜப்பானும் ரஷ்யாவும் இதற்கு இலக்கே ஏற்கவில்லை. இந்தத் திருத்தம் சட்டப்படி அமலுக்கு வந்த நாள் 2020 டிசம்பர் 31. அதன் காலம் முடிந்ததும் அதே நாளில்தான்!

பாரிஸில் முறையே மாறியது. ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே அறிவிக்கலாம். தவறினால் தண்டனை கிடையாது. அமெரிக்கா 2020-ல் வெளியேறி, 2021-ல் திரும்பி வந்து, 2025 ஜனவரியில் மறுபடி விலகுவதாக அறிவித்தது. ஏழை நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்ற வாக்குறுதியும் 2022-ல்தான் முதன்முறையாக நிறைவேறியது.

கட்டியவர்களும் உண்டு

எல்லோரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. பிரிட்டன் தன் வெளியேற்றத்தை 1990-ல் இருந்ததில் ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிட்டது. அங்கே கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது. ஆக, முடியாத காரியம் இல்லை.

2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் சொன்ன கருத்தும் முக்கியமானது. காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை; தவறினால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டிய நிலைகூட வரலாம் என்றது. இது ஆலோசனைக் கருத்துதான், தீர்ப்பு அல்ல. ஆனாலும் 'இஷ்டப்பட்டால் கட்டுவேன்' என்று சொல்வது இனி அவ்வளவு சுலபமில்லை.

2035-க்கான புதிய இலக்குகளைத் தர 2025 பிப்ரவரி 10 கெடு. இந்தியா உட்படப் பெரும்பாலான நாடுகள் அதைத் தவறவிட்டன. ஏரியைத் தூர் வாருவதும் கால்வாயை மீட்பதும் நாம் செய்ய வேண்டியவை. அவற்றைக் கேட்டு வாங்கும் அதே குரலில், உலகத்தின் பழைய பாக்கியையும் கேட்கலாம். சீட்டு நோட்டில் யார் பெயருக்கு நேரே என்ன பாக்கி என்பது எழுதித்தான் இருக்கிறது.