வானில் வழி கண்டவர்

நிலத்தில் நடப்போர்க்குப் பாதை உண்டு. கடலிற் செல்வோர்க்குக் கலங்கரை விளக்கம் உண்டு. விளக்கணைந்த பகை நாட்டின்மேல், நள்ளிருளில் பறப்போர்க்கோ அடிச்சுவடும் இல்லை, அடையாளமும் இல்லை. அங்கே வழி காண்பவன் தன் அறிவையும் கணக்கையுமே நம்புதல் வேண்டும். அவ்வாறு வானில் வழி கண்ட வீரர் ஒருவர், போர் ஓய்ந்தபின் சட்டம் பயின்று, வழக்கறிஞராகிப் பின்னர் நீதிபதியாகவும் உயர்ந்தார். அல்ரிக் கிராஸ் என்பது அவர் பெயர். அவர் வரலாற்றைப் படித்த நாள்முதல் அஃது என் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. மாணவர்களாகிய உங்களுக்கும் அதனை எடுத்துரைக்க விழைகின்றேன்.

தென்னமெரிக்காவின் வடகரையை அடுத்துக் கரிபியக் கடலில் டிரினிடாட் என்னும் தீவு உள்ளது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் வழிவந்தோரும், 1845 முதல் கரும்புத் தோட்டங்களில் உழைக்க இந்தியாவிலிருந்து சென்றோரின் வழிவந்தோரும் அங்கே கலந்து வாழ்கின்றனர். ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் இருந்த அத்தீவின் தலைநகராகிய போர்ட் ஆப் ஸ்பெயினில், ஆப்பிரிக்க மரபில், 1917-ஆம் ஆண்டு மே 1-ஆம் நாள் கிராஸ் பிறந்தார்.

இளமையில் அவர் கல்வியில் முதன்மை பெற்று விளங்கினார். ஆயின், அவருக்குப் பதின்மூன்று வயது நிகழ்கையில் அன்னையார் இறந்துபட்டார். அத்துயரால் நூல்களின்மேல் இருந்த நாட்டம் குன்றியது. முதல் மாணவனாய் நின்றவர் பின்தங்கினார். பின்னர்ச் செய்தித்தாள் அலுவலகத்திலும், வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தராகவும், இருப்புப்பாதைத் துறையிலும் பணிபுரிந்து நாள்களைக் கழித்தார்.

இப்பகுதியைப் படித்தபோது என் பழைய மாணவன் ஒருவனை நினைந்தேன். நன்கு படித்துவந்த அவன், தாயை இழந்த ஆண்டில், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சாளரத்தின் வெளியே நோக்கியவாறே இருப்பான். வினவினால் விடை கூறான். அவனுக்கு யான் கூறிய ஆறுதல் மொழிகள் இன்று என் நினைவில் இல்லை. கிராஸ் அவர்களின் வரலாற்றை அந்நாளில் அறிந்திருப்பின் அதனையே அவனுக்குக் கூறியிருப்பேன். பதின்மூன்றாம் வயதில் தடைப்பட்ட கல்வி முப்பதாம் வயதிலும் கைகூடும் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேறு யாது?

1939-இல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. அதற்குமுன் பிரிட்டிஷ் வான்படையில் ஐரோப்பிய மரபினரே அதிகாரிகளாதல் கூடும் என்னும் விதி இருந்தது. போர் மூண்ட சின்னாள்களில் அத்தடை நீக்கப்பட்டது. பாசிசக் கொடுமை உலகினை விழுங்குவதைக் கண்ட கிராஸ், 1941-இல் கடல் கடந்து சென்று அப்படையில் சேர்ந்தார். விமானத்தைச் செலுத்தும் பணி அவருடையதன்று. செல்லும் வழியைக் கணித்துரைக்கும் பணியே அவருடையது.

அவர் பறந்த விமானத்தின் பெயர் மாஸ்கிட்டோ. கொசு என்பது அதன் பொருள். பெரும்பாலும் மரத்தாலேயே அமைந்த அவ்விமானத்தில் இருவரே அமர்வர். குண்டு வீசுதற்கென அமைந்த மாஸ்கிட்டோவில் துப்பாக்கிகளும் இல்லை. விரைவும் உயரமுமே அதற்குக் காப்பு. நெருக்கமான அவ்விடத்தில் அமர்ந்து, விரைவு, திசை, சென்ற நேரம் ஆகியவற்றைக் கொண்டு, விமானம் இப்போது எங்கே உளது என்று வழிகாண்பவர் கணித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். காற்றோ விமானத்தை ஒருபால் ஒதுக்கிக்கொண்டே இருக்கும். அவ்வொதுக்கத்தை அளந்து திருத்தாவிடில், சிறு பிழையும் நேரம் செல்லச்செல்லப் பெரும் பிழையாய் வளரும். அவர் பணியாற்றிய 139-ஆம் படைப்பிரிவோ, பின்வரும் விமானங்களுக்கு ஒளிக்குண்டுகளால் இலக்கினைச் சுட்டிக்காட்டும் முன்னணிப் படையைச் சேர்ந்தது. ஆதலின் அவர் கணக்கை நம்பியே பிறரும் சென்றனர்.

ஒருமுறை செருமனியின்மேல் பறக்கையில் பொறிகள் இரண்டனுள் ஒன்று சுடப்பட்டு நின்றது. ஏறத்தாழ 35,000 அடி உயரத்திலிருந்து 7,000 அடி வரை விமானம் தாழ்ந்தது. எஞ்சிய ஒரு பொறியுடன் இங்கிலாந்தை அடைந்து, பயனற்றுக் கிடந்த கற்சுரங்கம் ஒன்றில் மோதி இறங்கினர். இருவரும் பிழைத்தனர். குறித்த எண்ணிக்கையில் பறந்தோர்க்கு ஓய்வு உண்டு. கிராஸ் அவ்வோய்வை ஏற்காது, 80 முறை போர்ப் பறப்பு மேற்கொண்டார். குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேருள் 55,573 பேர் உயிரிழந்தனர் என்பதை நினைந்தால், அவர் மீண்டு வந்ததன் அருமை விளங்கும். டி.எப்.சி., டி.எஸ்.ஓ. என்னும் உயர்விருதுகள் இரண்டும் அவருக்கு அளிக்கப்பெற்றன.

வீரத்தைப் புகழ்ந்த அளவில் நின்றுவிட என் மனம் ஒருப்படவில்லை. வானிலிருந்து வீழும் குண்டு குற்றவாளியையும் குழந்தையையும் பிரித்தறியாது. கொடுங்கோலரை வெல்லும் போர் நேரிதே எனினும், எரிந்த நகரங்களில் மாண்ட எளியோர் துயரம் துயரமே. போருக்கு வழக்கைக் கேட்கும் செவி இல்லை. இரு திறத்தாரையும் அமரச் செய்து, ஒருவர் கூறுவதைக் கேட்டபின் மற்றவர் கூறுவதையும் கேட்டு, சான்றுகளைச் சீர்தூக்கி முடிவு காண்பது நீதிமன்றம் ஒன்றே. போரின் முகத்தை நேரிற் கண்ட ஒருவர் சட்டத்தின் பக்கம் வந்து நின்றது என்னைப் பெரிதும் நெகிழ்விக்கின்றது.

லண்டனிலுள்ள மிடில் டெம்பிள் என்னும் சட்டக் கழகத்தின் வழியாக 1949-இல் அவர் வழக்கறிஞரானார். சில ஆண்டுகள் பி.பி.சி. வானொலியிலும் பணிபுரிந்தார். 1957-இல் விடுதலை பெற்ற கானா நாட்டிற்குச் சென்று அரசு வழக்கறிஞராய் விளங்கினார். பின்னர் மேற்குக் கேமரூனின் தலைமை வழக்கறிஞரானார். ஆங்கிலேயர் ஆண்ட பகுதியும் பிரெஞ்சுக்காரர் ஆண்ட பகுதியும் 1961-இல் இணைந்த நாடு அது. இருவேறு சட்ட முறைகள் ஒரே நாட்டில் அருகருகே நின்றன. அதன்பின் தான்சானியாவில் உயர்நீதிமன்ற நீதிபதியாய் அமர்ந்தார். 1971-இல் தாயகம் திரும்பி, அங்கும் நீதிபதியாய்ப் பணியாற்றினார். போர்வீரராய்ப் பெற்ற புகழ் ஒன்றையே உண்டு வாழ்ந்திருக்கலாம். அவரோ புதிதாய்ப் பிறந்த நாடுகளுக்குச் சட்டம் வேரூன்ற உழைத்தார்.

இல்லறத்தில் மூன்று மக்களின் தந்தையாய் விளங்கிய அவர், தம் மக்களோடு பிறர் மக்களையும் எண்ணினார். 1990 முதல் 1993 வரை லண்டனில் தம் நாட்டின் தூதராய் இருந்தபின், எழுபத்தைந்து வயதைக் கடந்த நிலையில், போர்ட் ஆப் ஸ்பெயினின் வறியோர்க்கு உதவும் அறநிலையம் ஒன்றை நண்பரோடு சேர்ந்து தொடங்கினார். 2011-இல் அந்நாட்டின் வான்படைத் தளம் ஒன்றிற்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், தம் 96-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

மாணவர்களே! வானவீரர் வேறு, நீதிபதி வேறு என்று நாம் எண்ணுகின்றோம். யான் அவ்வாறு எண்ணவில்லை. ஒதுக்கும் காற்றை உணர்ந்து திருத்துபவனே வழிகாண்பவன். விருப்பு வெறுப்பு என்னும் காற்று தன் நெஞ்சை ஒருபால் ஒதுக்குவதை உணர்ந்து திருத்துபவனே நீதிபதி. ஒரு கணக்கை இருமுறை சரிபார்க்கும் பழக்கம் சிறிதாகத் தோன்றலாம். அச்சிறு பழக்கமே அவரைப் போரிற் காத்தது, அமைதியிற் சிறப்பித்தது. போர் அப்பண்பினை அழிவுக்குப் பயன்கொண்டது. சட்டமோ அதற்கு உரிய இடத்தை அளித்தது.

உங்கள் வாழ்விலும் காற்று வீசும். வழி சற்று விலகும். விலகியதற்காக வருந்தி அமர்ந்துவிடாதீர்கள். எவ்வளவு விலகினோம் என்று அளந்து பாருங்கள். திருத்திக்கொண்டு மேலே செல்லுங்கள்.