ஒரு கைப்பிடித் தூள்

தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்குப் படிக்க வருகிற பிள்ளைக்கு வீட்டார் கட்டிக் கொடுக்கும் சாமான்களில் ஊறுகாய் ஜாடிக்கே முதலிடம் என்பது நம் சங்கத்து அன்பர்கள் அறிந்ததுதான். எனக்கு அதற்கும் மேலான ஒன்று கிடைத்தது. என் தாயார் தம் கையாலேயே பின்னிய பச்சை ஸ்வெட்டர். மாயவரத்து அக்கினி நட்சத்திர வெயிலில், மடியில் கம்பளி நூலைப் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டு ஆசிரியையிடம் பாடம் கேட்டு, இரண்டு முறை பிரித்து மூன்றாம் முறை முடித்தார்கள். மார்கழிப் பனிக்கு மேல் ஒரு குளிர் உண்டென்று அறியாதவர்கள் அவர்கள்!

அந்த ஸ்வெட்டரை நான் ஒரே பகலில் தீர்த்துக் கட்டினேன்.

ஜனவரி மாதம்; ஞாயிற்றுக்கிழமை. வாளி நிறையக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். அதில் ஒரு கைப்பிடி சலவைத் தூள். அழுக்குப் போகாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு கைப்பிடி. வேட்டி, துண்டு, காலுறை, ஸ்வெட்டர் எல்லாவற்றுக்கும் அதே வாளி. நான் பேதம் பாராட்டவில்லை. நுரை வாளியை மீறிப் பொங்கியபோது எனக்குப் பெருமைகூட உண்டாயிற்று. நன்றாகக் கசக்கி, முறுக்கிப் பிழிந்து, கொடியில் போட்டேன். மாலையில் எடுத்துப் பார்த்தால், ஐந்து வயதுப் பையனுக்குச் சரியாயிருக்கும் அளவில், அட்டை போல் தடித்து ஏதோ ஒன்று தொங்கிற்று.

பக்கத்து அறையில் ரசாயனம் படிக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். துக்கம் விசாரிக்க வந்தவர் பாடம் நடத்திவிட்டுத்தான் போனார். பருத்தி செடி தந்தது; அது செல்லுலோஸ். காரத்துக்கு அவ்வளவாக அஞ்சாது. நம் ஊரில் உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவியில் வைத்து அவித்தும் வேட்டி பிழைத்து வந்தது அதனால்தான். கம்பளியும் பட்டும் பிராணிகள் தந்தவை, இரண்டும் புரதம். சாதாரணச் சலவைத் தூளிலோ சலவைச் சோடா இருக்கிறது. கரைத்தால் அதன் பி.எச். 10-ஐ ஒட்டி நிற்கும். போதாதற்கு, இரத்தம், பால் போன்ற புரதக் கறைகளைத் தின்பதற்கென்று பல தூள்களில் என்சைமும் சேர்க்கிறார்கள். கறை எது, பட்டு எது என்று அது விசாரித்துக்கொண்டிருக்காது. ஆனால் என் ஸ்வெட்டர் சுருங்கியதற்கு முக்கியக் காரணம் வேறு. கம்பளி இழையின்மேல் மீனுக்கு இருப்பதுபோல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். பிறகு பிரிக்க முடியாது.

“அந்த இரண்டாவது கைப்பிடி எதற்கு?” என்று அவர் கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. நுரை அழுக்குப் போனதற்கு அத்தாட்சி அல்லவாம். மிஞ்சிய தூள் அலசலில் போகாமல் துணியிலேயே தங்கி அதை முரடாக்கும். என் வேட்டிகள் ஒரு வருஷமாக முறுமுறுத்த ரகசியம் அன்று விளங்கிற்று.

இப்போது என்னிடம் இரண்டு வாளிகளும் ஒரு மேசைக் கரண்டியும் இருக்கின்றன. பருத்திக்கு ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டி தூள். கழுத்துப் பட்டையில் மட்டும் கொஞ்சம் சோப்புக் கட்டி. கம்பளிக்கும் பட்டுக்கும் என்சைம் இல்லாத, காரமற்ற திரவம் அரைக் கரண்டி, பச்சைத் தண்ணீர். கம்பளியைக் கசக்காமல் அமுக்கி எடுத்து, துண்டில் சுருட்டி ஈரம் வாங்கி, கட்டிலின்மேல் விரித்து உலர்த்துகிறேன். பூந்திக்கொட்டைத் தண்ணீரும் பட்டுக்கு ஒத்துக்கொள்ளும். தில்லியில் அதை ‘ரீட்டா’ என்று கேட்டால்தான் கொடுப்பார்கள்.

இவ்வளவு ஞானமும் வந்து என்ன? வாரந்தோறும் தொலைபேசியில் அம்மா, “ஸ்வெட்டர் போட்டுக்கறியா?” என்பார்கள். “போட்டுக்கறேன்” என்பேன். பிப்ரவரி முழுவதும் இப்படியே பொய் சொன்னேன். ஹோலி கழிந்து குளிரும் போன பிறகுதான் உண்மையைச் சொல்லத் தைரியம் வந்தது.

சற்று நேரம் பேச்சே இல்லை.

“வெந்நீர்லயாடா போட்டே?”

“ஆமாம்மா.”

“நானா இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன். நம்ம வீட்டிலே கம்பளி ஏது? சரி, தோள் அளவு சொல்லு. போன வருஷத்து அளவு வேண்டாம்.”

அளவு நாடா இல்லை. வேட்டி நூலை இழுத்துத் தோளில் வைத்துப் பார்த்து, பிறகு அதை அடிக்கோலில் வைத்துப் படித்தேன். 18 அங்குலம்.