சவலைப்பிள்ளை

தாய் மீண்டும் கருவுற்றதால் பால் குன்றி மெலியும் குழந்தையைச் சவலைப்பிள்ளை என்கிறோம். அச்சொல் வழங்கும் நாட்டிலேயே, பால் கொடுப்பவளுக்குக் கரு தங்காது என்ற நம்பிக்கையும் வழங்குவது விந்தையன்றோ!

சேர்வராயன் மலையடியிலுள்ள எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஓர் இளந்தாய் அதனை முழுவதும் நம்பியிருந்தாள். மகன் சோறுண்ணும் பருவத்தினன், பாலும் மறக்கவில்லை. பேற்றுக்குப்பின் மாதவிலக்கு ஒருமுறையும் வராமலே அவள் கருவுற்றாள். "விலக்கே வராதவளுக்குக் கரு ஏது?" என்று மாமியார் ஐயுற்றார். கணவன் பேச்சையே நிறுத்திவிட்டான். குற்றமற்றவள் தலைகுனிந்து நின்றாள்.

"பெரியம்மா, கருமுட்டை முதலில் வெளிப்படும், விலக்கு அதன்பின் ஏறத்தாழ இரு வாரம் கழித்தே வரும். அந்த முட்டையே கருவாகிவிட்டால் விலக்கு எப்படி வரும்?" என்று அம்மூதாட்டியிடம் எடுத்துரைத்தேன். அவர் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. செவிலியர் சொல்லியிருந்தால் உடனே நம்பியிருப்பாரோ என்னவோ!

அந்நம்பிக்கை முழுப் பொய்யுமன்று. குழந்தை அடிக்கடி பால் உறிஞ்சுவது முட்டை வெளிப்படுவதைத் தடுக்கிறது. 1988-இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய வல்லுநர்கள் இதற்கு எல்லை வகுத்தனர். குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கலாகாது, இரவும் பகலும் தாய்ப்பாலே உணவாக வேண்டும், விலக்கு திரும்பியிருக்கலாகாது. மூன்றும் பொருந்தினால் பாதுகாப்பு 98 விழுக்காடு. சோறூட்டத் தொடங்கியதும் அந்தக் காவல் தளர்கிறது. அப்பொழுதே தம்பதியர் இருவரும் சேர்ந்து சென்று, மேற்கொண்டு செய்யத்தக்கதைச் செவிலியரிடம் கேட்டறிய வேண்டும். முதல் விலக்கு வரட்டும் என்று காத்திருத்தல் ஆகாது.