ஜெய்சல்மேரில் மூன்று நாள்: உம்மாவின் முழங்காலுக்கு ஏற்ற ஒரு திட்டம்



நாங்கள் இந்தியா போவதாகக் கேள்விப்பட்ட பலரும் "அஜ்மீருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லை. அதே ராஜஸ்தானில், மேற்கே பாகிஸ்தான் எல்லைப் பக்கமாக உள்ள ஜெய்சல்மேருக்கு. வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக நினைக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால், எங்கள் திட்டத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் காலம். எங்கள் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறைதான் நீளமானது. ஆனால் நோன்போடு பாலைவனப் பயணம் இலேசான காரியமில்லை. கோடையில் அங்கே வெயில் 45 பாகையைத் தாண்டும். அதனால் டிசம்பரைத் தெரிவு செய்தோம். பகலில் இதமான வெயில், இரவில் 10 பாகைக்கும் கீழே இறங்கும் குளிர். புத்தளத்துக் காற்றுக்குப் பழகிய எங்களிடம் ஸ்வெட்டரே இல்லை. இரவல் தரக்கூடியவர்கள் சொல்லுங்கள்.

ஆசிரியர்கள் விடுமுறைக் காலத்திலும் வெளிநாடு செல்ல முன்அனுமதி பெறவேண்டும். வீட்டில் இருவரும் ஆசிரியர்கள் என்பதால் இரண்டு விண்ணப்பம். அதை நேரத்தோடு கொடுத்துவிட்டோம். இந்திய விசாவுக்கு இலங்கையர்கள் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

அடுத்தது பயணம். கொழும்பிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் சுமார் மூன்றரை மணித்தியாலம். டெல்லியிலிருந்து ஜெய்சல்மேருக்கு ரயிலில் ஏறத்தாழ 18 மணித்தியாலம். பிள்ளைகளுக்கு ரயில்தான் வேண்டும். உம்மாவுக்கும் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போவது நல்லது. டெல்லியில் ஒரு இரவு தங்கி ஆறிவிட்டுத்தான் ஏறுவோம். ஓடிப்போய் ஓடிவருகிற பயணம் எங்களுக்கு வேண்டாம்.

ஜெய்சல்மேர் என்றாலே கோட்டைதான். 1156இல் ராவல் ஜெய்சால் என்ற ராஜபுத்திர மன்னர் கட்டத் தொடங்கியது. முழுக்க மஞ்சள் கல். மாலை வெயில் பட்டால் பொன் மாதிரித் தெரிவதால் பொற்கோட்டை என்றே சொல்கிறார்கள். 2013இல் ராஜஸ்தானின் வேறு ஐந்து மலைக்கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இதன் விசேஷம், இன்றைக்கும் ஆயிரக்கணக்கானோர் உள்ளே குடியிருக்கிறார்கள். வீடு, கடை, கோயில் எல்லாம் மதிலுக்குள்ளேயே.

கோட்டைக்குள் தங்குவதற்கும் ஹோட்டல்கள் இருக்கின்றன. படங்களைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வெளியே, நகரில் தங்குவதென்று முடிவெடுத்தோம். மழையே குறைந்த ஊர் அது. வருடம் முழுவதும் பெய்வது சுமார் 20 சென்ரிமீற்றர். எங்கள் ஊரில் ஒக்டோபரும் நவம்பரும் சேர்ந்தாலே அதைவிடக் கூட வரும். அந்தக் காலத்தில் கீழே இருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து சிக்கனமாக வாழ்ந்த கோட்டை. பிறகு குழாய் வந்தது, உல்லாசப் பயணிகள் வந்தார்கள், குளியலறைகள் பெருகின. ஊறிய தண்ணீர் குன்றின் மண்ணை இளக்கி, கொத்தளங்கள் சில இடிந்தும் விழுந்தன. எட்டரை நூற்றாண்டைத் தாண்டி நிற்கிற ஒன்றின் அடிமண்ணில் நாங்கள் ஐந்து பேர் குளித்த தண்ணீரும் சேர வேண்டாமே. வெளியே சமதரை என்பதால் உம்மாவுக்கும் வசதி.

வெள்ளி: போய்ச் சேர்ந்து, குளித்து, ஓய்வு. அஸருக்குப் பிறகு கடிசர் ஏரி. ஏரி என்கிறார்கள், எங்கள் பாஷையில் அது குளம். 14ஆம் நூற்றாண்டில் மழைநீரைத் தேக்கி ஊருக்கே குடிநீர் கொடுத்த குளம். குளத்தை நம்பி வயல் செய்த ஊர்க்காரர்களுக்கு அதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

சனி: காலை எட்டு மணிக்கெல்லாம் கோட்டை. முச்சக்கரவண்டி வாசல்களைத் தாண்டி மேலே முற்றம் வரை போகும் என்பதால் உம்மா ஏற்றம் ஏறத் தேவையில்லை. இரண்டு மணித்தியாலம் போதும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் தூக்கம். மாலையில் 40 கிலோமீற்றர் தள்ளியுள்ள சாம் மணல்மேடு. அங்கே ஜீப்பில் குலுங்கப் போகவில்லை. மணலில் பாய் விரித்து, சூரியன் மறைவதைப் பார்த்து, மஃரிபைத் தொழுதுவிட்டுத் திரும்புவோம். சின்னவன் இப்போதே "மணலில் தயம்மும் செய்யலாமா?" என்று கேட்கிறான். போத்தலில் தண்ணீர் இருக்கும்போது அது கூடாது என்று சொன்னதில் அவருக்குக் கவலை.

சாப்பாட்டுக்குப் பயப்படத் தேவையில்லை. ராஜஸ்தானில் மரக்கறி உணவு தாராளம். பருப்போடு சுட்ட மாவுருண்டை சேர்த்த தால் பாட்டி, பாலைவனத்துக் காயிலும் அவரையிலும் செய்கிற கேர் சாங்ரி என்று எத்தனையோ. இறைச்சி வேண்டுமானால் ஹலாலா என்று கேட்டுச் சாப்பிடலாம். 2011 குடிசன மதிப்பீட்டின்படி அந்த மாவட்டத்தில் நால்வரில் ஒருவர் முஸ்லிம். நகரில் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. தங்குவது மூன்று நாள் என்பதால் கஸ்ர், ஜம்உ சலுகையும் உண்டு.

அந்த முஸ்லிம்களில் மாங்கணியார் என்றொரு சமூகம் இருக்கிறது. பரம்பரைப் பாடகர்கள். இந்து ராஜபுத்திரக் குடும்பங்களின் பிறப்புக்கும் கலியாணத்துக்கும் பாடுவதும், அந்தக் குடும்பங்களின் வம்ச வரலாற்றை மனதில் வைத்திருப்பதும் அவர்கள் தொழில். இசை பற்றி எங்களுக்குள் இருக்கும் கருத்து வேறுபாட்டுக்குள் இங்கே போகவில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் நினைவை இன்னொரு சமூகம் தலைமுறை தலைமுறையாகக் காத்துக் கொடுப்பதைப் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறோம்.

ஞாயிறுதான் வீட்டில் பெரிய கதையாகிவிட்டது. நகரிலிருந்து 18 கிலோமீற்றர் அளவில் குல்தாரா என்ற வெறிச்சோடிய கிராமம் இருக்கிறது. பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்த ஊர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. கொடுங்கோல் திவான் ஒருவனுக்குப் பயந்து ஒரே இரவில் எல்லோரும் வெளியேறினார்கள் என்பது ஊர்க்கதை. தண்ணீர் வற்றியதும் வரிச்சுமையும் காரணம் என்பவர்களும் உண்டு. விளம்பரங்களில் அது "பேய்க் கிராமம்". மூத்த மகள் காணொளி ஒன்றைக் காட்டி, கட்டாயம் போகவேண்டும் என்றாள்.

உம்மா அதைக் கடைசிவரை பார்த்தார். கூரையில்லாத வீடுகள், வாசற்படிகள், தெருக்கள். பிறகு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தச் சனம் எங்கே போனது?"

எங்களிடம் உடனே பதில் இருக்கவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர் அவர். வடக்கிலிருந்து அப்படி வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர். இதை வாசிக்கும் பலருக்கு அந்த நாளை நாங்கள் சொல்லித் தரவேண்டியதில்லை. பிறகு போய்ப் பார்த்தபோது எங்கள் வீட்டிலும் கூரை இல்லை. அங்கே பேய் இருக்கிறது என்று யாராவது டிக்கெட் விற்றிருந்தால் எங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

குல்தாராவைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட நினைத்தோம். ஓய்வாகப் போய்வருகிற பயணத்தில் உம்மாவை ஏன் கலங்க வைக்கவேண்டும்? உம்மா விடவில்லை. "போவோம். பகலில் போவோம். பேய்க்கதை சொல்கிற ஆள் வேண்டாம்" என்றார். பிள்ளைகளுக்கு அங்கே என்ன காட்டவேண்டும் என்றும் அவரே சொல்லிவிட்டார்: கிணறு எங்கே, குசினி எங்கே, யார் வீட்டுக்கு அடுத்தது யார் வீடாக இருந்திருக்கும். பாலிவால்கள் மழைநீரை வரப்புக் கட்டித் தேக்கி, பாலைவனத்திலேயே கோதுமை விளைவித்தவர்கள் என்று நாங்கள் வாசித்துச் சொன்னோம். அந்த வரப்புகள் இப்போதும் இருக்கின்றனவா என்று கேட்டார். காதீன் என்ற அந்த முறையில் ஜெய்சல்மேர்ப் பக்கம் இன்றும் பயிர் செய்கிறார்கள் என்றதும் அவருக்குப் பெரிய சந்தோசம்.

ஆகவே ஞாயிறு காலை குல்தாரா. வெயில் ஏறுமுன் திரும்பி, 19ஆம் நூற்றாண்டு வணிகர்கள் கட்டிய பட்வா மாளிகைகளின் கல் வேலைப்பாட்டைப் பார்த்துவிட்டு ரயில் ஏறுவோம், இன்ஷா அல்லாஹ்.

வயதானவர்களோடு அந்தப் பக்கம் போய்வந்தவர்கள் யாரும் இருந்தால், ரயிலில் கீழ்ப்படுக்கை எடுப்பது பற்றியும், குல்தாராவில் நிழலில் உட்கார இடம் உண்டா என்பது பற்றியும் அறியத் தாருங்கள். உம்மாவின் சுகத்துக்காகத் துஆச் செய்யுங்கள்.